கப்பலூரில் யூனிட் நடத்தும் தம்பிக்குத் தூக்கமே இல்லை, கடனும் நெருக்குகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

திருநகர்_அக்கா:

வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 41. கப்பலூர் சிட்கோவில் ரப்பர் மோல்டிங் யூனிட், ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். புஷ், கேஸ்கெட் மாதிரி சாமான்கள். முக்கால்வாசி ஒரே கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி நாலு மாதமாகப் பணம் போடவில்லை, 14 லட்சம் நிற்கிறது. பேங்க்கில் சிசி (சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் காட்டி எடுக்கிற கேஷ் கிரெடிட் கடன்) 20 லட்சம், முழுக்க எடுத்தாயிற்று. வீட்டுப் பத்திரமும் அங்கேதான். போதாததற்கு வெளியே ஒருவரிடம் 3 லட்சம் வட்டிக்கு வாங்கி, கையெழுத்துப் போட்ட வெற்று செக் இரண்டு கொடுத்திருக்கிறான். இந்த வெளிக் கடன் அவன் மனைவிக்குத் தெரியாது.

ராத்திரி இரண்டரை மூன்று மணிக்கு எழுந்து பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். போன் அடித்தால் எடுப்பதில்லை. கணக்குப் பார்க்க உட்காராமல் மோல்டிங் பிரஸ்ஸிலேயே நாள் முழுக்க நிற்கிறான். வேலையாட்களிடம் சிடுசிடுப்பு. சாப்பாடு பாதியாகிவிட்டது. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு என்று இரண்டு தடவை சொன்னான். தூக்கத்துக்கு மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கி அரை அரையாகப் போடுகிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், "பணம் வந்தா எல்லாம் சரியாயிடும், எனக்கு என்ன பைத்தியமா" என்கிறான்.

முதலில் கடனைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜெயா_மனநலப்பணி:

அக்கா, இரண்டையும் இந்த வாரமே தொடங்க வேண்டும். ஆனால் இரண்டையும் அவர் தலையிலேயே போடக்கூடாது. "பணம் வந்தா சரியாயிடும்" என்று காத்திருப்பதில்தான் பலர் மோசமாகிறார்கள். சரியாகத் தூங்காதவரால் கணக்குப் போட முடியாது, பேரம் பேச முடியாது. கடனுக்கு வழி தேடவே அவருக்குத் தெளிந்த மனம் வேண்டும்.

முதலில் நெஞ்சடைப்பு. 41 வயது, புகை, சர்க்கரை, பிரஷர் எதுவானாலும் "டென்ஷன்தான்" என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். ஒரு இசிஜி, ரத்த அழுத்தம். கூடவே சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் மனச்சோர்வும் இதே மாதிரித்தான் தெரியும். இதயம் நன்றாக இருந்து, அடைப்பு திடீரென்று வந்து பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், கை நடுக்கம், வியர்வை, "செத்துவிடுவோம்" என்ற பயத்துடன் வந்து தானாக இறங்கினால் அது பேனிக் அட்டாக்காக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இன்னொரு தடவை அடைப்பு வந்தால் வீட்டிலிருந்தபடி யோசிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது, மனம் எந்த அளவில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்து நிமிட வேலை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 20-ஐத் தொட்டால் கடுமையான நிலை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் குறைவாகவே இருந்தாலும், அன்றைக்கே பேச வேண்டும். கேள்வித்தாள் நோயை உறுதி செய்யாது. ஆனால் "சும்மா டென்ஷன்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் கையில் ஒரு எண் இருந்தால் பேச்சு எளிதாகும்.

தொழில் செய்கிற ஆண்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாது. நீங்கள் எழுதியதுதான் அதன் முகம்: எரிச்சல், போனைப் பார்த்தாலே பயம், பிரிக்காத கவர்கள், கணக்கை விட்டுவிட்டு மிஷினில் ஒளிந்துகொள்வது, விடியுமுன் விழிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்-அவுட்டை வேலை சார்ந்த களைப்பு நிலையாக வரையறுத்தது, அதை நோயாகச் சொல்லவில்லை. வித்தியாசம் தெரிய ஒரு வழி உண்டு. வேலைக் களைப்பு மட்டும் என்றால் பட்டறையை விட்டு நாலு நாள் தள்ளி இருந்தால் ஓரளவு தெளிவு வரும், பிள்ளைகளோடு இருக்கும்போது முகம் மாறும். மனச்சோர்வு விசேஷ வீட்டுக்கும் கூடவே வரும். பிடித்த சாப்பாடு, கிரிக்கெட், எதிலும் ஒட்டுதல் இருக்காது. உங்கள் தம்பிக்கு எது என்று பாருங்கள்.

எங்கே போவது: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டுப் போட வேண்டும். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-இலிருந்து மனநலத்துக்காகவே வேலை செய்கிறது. தனியார் மனநல மருத்துவர்களும் நிறைய. நேரில் போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், நீங்களும் அவர் சார்பில் அழைத்து வழி கேட்கலாம். "வெளியே தெரிஞ்சா பேங்க்ல கடன் தரமாட்டான்" என்ற பயம் இருந்தால்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது.


கடன்_மேசை:

வங்கிக் கடன் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பியைப் பயமுறுத்துகிற எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். நீங்களோ கணக்குப்பிள்ளையோ எழுதுங்கள், அவர் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள்: சட்டப்படி தேதி உள்ளது, தேதி இல்லாதது. தேதி உள்ளவை சில மட்டுமே. செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் 15 நாள். சர்ஃபேசி சட்டத்தில் (கடன் நின்றால் அடமானச் சொத்தைப் பேங்க் எடுக்க வழி செய்வது) 13(2) நோட்டீஸ் வந்தால் 60 நாள். டிடிஎஸ் இருந்தால் 7-ஆம் தேதி, ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, பிஎஃப், இஎஸ்ஐ இருந்தால் இரண்டுக்கும் 15, ஜிஎஸ்டி வரி கட்டித் தாக்கல் செய்யும் 3பி-க்கு 20. இவற்றை வேறு ஒருவர் கையில் கொடுங்கள். மிச்சமெல்லாம் தேதி இல்லாத பயம்: "யூனிட்டை மூடிடலாமா, வீட்டை வித்துடலாமா, இன்னொரு கடன் வாங்கிடலாமா". தொடர்ந்து இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கும் வரை இந்த மூன்றில் எந்த முடிவும் எடுக்க விடாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு எடுக்கிற முடிவில் வீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதும், மீட்டர் வட்டிக்குப் போவதும் நடக்கும்.

அடுத்தது 13 வாரத் தாள். ஒரு பக்கம், 13 கட்டம், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று. மேலே தொடக்க இருப்பு. வரவை இரண்டு வரியாகப் போடுங்கள்: நிச்சய வரவு, நம்பிக்கை வரவு. அந்த 14 லட்சம் நம்பிக்கை வரவு. அதைத் தாளில் எழுதலாம், கூட்டக்கூடாது. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். வர வேண்டிய பணத்தைக் கூட்டித் தாளை அழகாக்கி, அதை நம்பி இன்னொருவருக்குத் தேதி சொல்லி, அந்தத் தேதி தவறும்போது மானம் போய் மனமும் உடைகிறது. செலவில் சனிக்கிழமைக் கூலி, ரப்பர் கம்பவுண்டு, கரன்ட் பில், பிஎஃப், ஜிஎஸ்டி, பேங்க் வட்டி, வீட்டுக் கடன் தவணை, வீட்டுச் செலவு. வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது யூனிட் பணத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். எந்த வாரத்தில் இருப்பு கழித்தலுக்குப் போகிறது என்று தெரிந்தால் போதும். "எல்லாம் போச்சு" என்பது "ஆறாவது வாரம் 1.8 லட்சம் குறையும்" என்று ஆகிவிடும். அதற்கு வழி தேடலாம்.

கையில் இருப்பது பத்தாது என்றால் யாருக்கு முதலில்? கூலி, கரன்ட். அதற்கு அடுத்து தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பங்கு. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது கிரிமினல் வழக்கு வரை போகும். பிறகு ஜிஎஸ்டி. வரியைக் கட்டாமல் 3பி தாக்கல் செய்ய முடியாது. இரண்டு மாதம் தொடர்ந்து விட்டால் இ-வே பில் போட முடியாமல் சரக்கு உள்ளேயே நிற்கும். பிறகு பேங்க் வட்டி. சப்ளையர் பாக்கி அதற்குப் பிறகு.

சிசி கணக்கு: 90 நாள் என்ற எண்ணை மனதில் வையுங்கள். லிமிட்டுக்கு அல்லது டிராயிங் பவருக்கு (சரக்கையும் பாக்கியையும் வைத்து அந்த மாதம் எடுக்க அனுமதிக்கிற தொகை) மேலே தொடர்ந்து 90 நாள் நின்றாலோ, 90 நாளில் வரவு வைத்த பணம் அந்தக் காலத்து வட்டிக்குக் கூடக் காணாவிட்டாலோ கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். ஆகவே சின்னச் சின்ன பார்ட்டிகளிடம் வருகிற பணத்தை வேறு கணக்கில் வாங்காமல் சிசி வழியாகவே ஓட்டுங்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மாதாமாதம் கொடுங்கள். பயத்தில் நிறையப் பேர் இதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட் என்றால் அதுவே கணக்கை ஒழுங்கற்றதாக்கும். பொதுவாக 90 நாள் தாண்டிய பாக்கியை டிராயிங் பவருக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த 14 லட்சத்தால் டிராயிங் பவர் ஏற்கெனவே குறைந்திருக்கும். பேங்க் திடீரென்று இறுக்குவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

கணக்கு கெடுவதற்கு முன்பே மேனேஜரிடம் எழுத்தில் போங்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மறுசீரமைப்புக்கு ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு நடைமுறை கொடுத்தது, 25 கோடி வரையிலான கடனுக்கு. நலிவு வருகிறது என்று தெரிந்தால் தொழில் செய்பவரே விண்ணப்பிக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் என்றால் ஐந்து வேலை நாளில் விண்ணப்பம் அதற்கான கமிட்டிக்குப் போக வேண்டும். தவணையை நீட்டுவது, ஒரு பகுதியைத் தவணைக் கடனாக மாற்றுவது எல்லாம் அங்கே பேசலாம். கணக்கு தவறி 31 முதல் 60 நாளுக்குள் இருக்கிறவருக்குக் கிடைக்கிற காது, 89-ஆவது நாளில் வருகிறவருக்குக் கிடைக்காது.


கீழமாசி_வியாபாரி:

அக்கா, அந்த 14 லட்சத்துக்கு வழி இருக்குங்க. தம்பிக்கு உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கா பாருங்க. உற்பத்தி யூனிட், குறு அல்லது சிறு நிறுவனம்னா, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சரக்கை ஏத்துக்கிட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்ல பணம் போடணும். எழுத்துல ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். சரக்கு இறங்கி 15 நாளைக்குள்ள அவங்க எழுத்துல குறை சொல்லலைன்னா, இறங்கின நாளே ஏத்துக்கிட்ட நாள். அதனால சீல் போட்ட டெலிவரி சலான் தங்கம் மாதிரி. ஒண்ணையும் தொலைக்காதீங்க. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்துல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. எங்களை மாதிரி வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்க தம்பி உற்பத்தியாளர், அவருக்கு உண்டு.

ஆனா எடுத்த எடுப்புல பாக்கிப் பணத்துக்குப் புகார் கொடுக்கிற அரசு போர்ட்டல்ல கேஸ் போட வேண்டாம்னு நான் சொல்லுவேன். முக்கால்வாசி ஆர்டர் அங்கேயே இருக்குறப்ப முதல்ல ஒரு மெயில், கம்பெனியோட அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு. உத்யம் நம்பர், பில் வாரியா தேதி, தொகை, 45 நாள் முடிஞ்ச தேதி, இவ்வளவுதான். கோபம் ஒரு வரி கூட வேண்டாம். கடைசில "43பி(எச்) கணக்குக்காக உங்கள் ஆடிட்டருக்கு இந்தப் பட்டியல் தேவைப்படலாம்"னு ஒரு வரி. 43பி(எச்)-ங்கறது 1961 வருமான வரிச் சட்டப் பிரிவு: குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள்ள கொடுக்காத பாக்கி மார்ச் 31-ல நின்னா அந்த வருசம் அவங்க செலவாக் காட்ட முடியாது, அதுக்கு வரி கட்டணும். அந்த 43பி(எச்) வாக்கியத்தைப் படிச்சதும் அக்கவுன்ட்ஸ்ல அசைவாங்க. அந்தக் கம்பெனியோட வருச விற்றுமுதல் 250 கோடிக்கு மேலன்னா ட்ரெட்ஸ்ல (பில்லை வச்சு முன்கூட்டியே பணம் வாங்குற ஆன்லைன் தளம்) கட்டாயம் பதிஞ்சிருக்கணும். அங்க உங்க பில்லை அவங்க ஒப்புக்கிட்டா, ஒரு பைனான்சியர் கழிவு போக ஓரிரு நாள்ல பணம் போட்டுருவார். அவங்க பின்னாடி கட்டலைன்னா அந்தச் சுமை உங்க மேல வராது. இதுக்கெல்லாம் அசையலைன்னா அந்த அரசு போர்ட்டல் இருக்கு. அந்தக் கேஸை விசாரிக்கிற மண்டல கவுன்சில் மதுரையிலேயே இருக்கு.

அடுத்து அந்த வெற்று செக். "வெத்து செக்குதானே, செல்லாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கையெழுத்து போட்டுக் கொடுத்த வெற்று செக்கை மத்தவங்க நிரப்பிக்கிட்டாலும் செக் கேஸ் நிக்கும்னு சுப்ரீம் கோர்ட் 2019-ல சொல்லிருச்சு. ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. இனிமே வட்டியோ அசலோ ரொக்கமாக் கொடுக்காதீங்க, ஜிபே இல்லைன்னா பேங்க் வழியா, "கடன் அசல்", "வட்டி"ன்னு குறிப்பு போட்டு அனுப்புங்க. இதுவரைக்கும் ரொக்கமாக் கொடுத்ததைத் தேதியோட எழுதி அவருக்கே வாட்ஸ்அப்ல "இதுவரை இவ்வளவு வந்திருக்குல்ல அண்ணே, சரி பாருங்க"ன்னு கேளுங்க. அவர் போடுற பதில் உங்களுக்கு ரசீது. முடிக்கிற அன்னைக்குச் செக்கும் பாண்டும் கைக்கு வந்த பிறகு கடைசித் தொகை. வட்டி மீட்டர் வட்டி, கந்துவட்டி ரகமா இருந்தா 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு. மிரட்டி வசூலிக்கிறதுக்கு எதிரா 2025-ல தமிழ்நாடு தனிச் சட்டமும் போட்டிருக்கு. வீட்டு வாசல்ல வந்து நின்னா எஸ்பி அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் ரெண்டுலயும் எழுத்துல புகார். பேங்க், பைனான்ஸ் கம்பெனி ஆட்கள் காலைல 8-க்கு முன்னாடியும் சாயங்காலம் 7-க்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே சொல்லிருச்சு.

போன் எடுக்காததுதான் எனக்குப் பெரிய கவலை. கடன்காரன் பணம் இல்லாததைப் பொறுத்துக்குவான், போன் எடுக்காததைப் பொறுக்க மாட்டான். அதுக்காக நாள் பூரா எடுக்கணும்னு இல்லை. காலை 11 டு 12, சாயங்காலம் 4 டு 5. அந்த ரெண்டு நேரம் மட்டும். பேச முடியலைன்னா மெசேஜ் போதும். இப்படி:

"அண்ணே வணக்கம். உங்க பாக்கி 85,000. இந்த மாசம் 22-ஆம் தேதி 10,000 போடுறேன், அடுத்த மாசம் 22-ல 10,000. பெரிய பார்ட்டி பணம் வந்தா மொத்தமா முடிச்சுடுறேன், ஆனா அந்தத் தேதி இப்ப சொல்ல முடியாது. புது சரக்கு ரொக்கத்துக்கு எடுத்துக்கிறேன்."

தாள்ல 15,000 முடியும்னு தெரிஞ்சா 10,000-ன்னு சொல்லுங்க. சொன்ன தேதிக்கு முந்தின நாளே போட்டுருங்க. ரெண்டு தவணை சரியா போனா மூணாவதுக்கு யாரும் போன் அடிக்க மாட்டாங்க.


மருந்தாளுநர்_பழங்காநத்தம்:

மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அட்டையின் பின்புறம் பெயரைப் படியுங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் என்று இருந்தால் அவை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாதவை. உடனே தூங்க வைக்கும், அதனால்தான் பிடித்துவிடுகிறது. சில வாரத்தில் அதே அளவு வேலை செய்யாது, அரை ஒன்றாகும்.

இதைத் தெரிந்துகொண்டு கோபத்தில் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், படபடப்பு, நடுக்கம் வரும், அதிக அளவு எடுத்தவர்களுக்கு வலிப்பு கூட வரலாம். எத்தனை நாளாக, என்ன அளவு என்று எழுதி டாக்டரிடம் காட்டினால் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை இருக்கிற அட்டைகளை நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள். கூடவே டாஸ்மாக் சரக்கு வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தனியாகக் குடித்தாலும் முதல் பாதி ராத்திரி தூங்க வைத்து இரண்டரை மணிக்கு எழுப்பிவிடுவது அதுதான். காலையில் மப்புத் தெளியாமல் ரிங் ரோட்டில் பைக் ஓட்டுவதும், சூடான பிரஸ்ஸில் கை வைப்பதும் ஆபத்து.

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதும் மாத்திரை வேறு வகை. பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ. பழக்கம் ஆக்காது. ஆனால் போட்ட அன்றே எதுவும் தெரியாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதல் படபடப்பு வரலாம். பலர் அந்த வாரத்தில்தான் "எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்துகிறார்கள். ஒரு போன் போட்டு டாக்டரிடம் கேட்டால் அளவைச் சரிசெய்வார். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். முந்தைய காலத்தில் தூக்கமே தேவைப்படாமல் ஏகப்பட்ட உற்சாகத்தில் அகலக்கால் வைத்த கட்டங்கள் தம்பிக்கு இருந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால், முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். அதைப் பொறுத்து மருந்தே மாறும்.


திருநகர்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நோட்டு வாங்கியாயிற்று, கணக்குப்பிள்ளை இரண்டு நாளில் எழுதித் தருகிறேன் என்கிறார். மாத்திரை அல்பிரசோலம்தான், 0.25. இரண்டு கேள்வி. ஒன்று, டாக்டரிடம் வரச் சம்மதிக்க வைப்பது எப்படி? "பைத்தியமா" என்ற இடத்திலேயே நிற்கிறான். இரண்டு, வெளிக் கடனை அவன் மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் இன்னும் உடைந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நேற்று "நான் இல்லைனா இன்சூரன்ஸாவது வரும்" என்று சொன்னான்.


ஜெயா_மனநலப்பணி:

அக்கா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றது பிறகு. இன்றைக்கே, தனியாக உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதாடா?" இதே வார்த்தை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவருக்குக் கேட்டதே பெரிய ஆறுதல். "அப்படியெல்லாம் பேசாத, பிள்ளைகளை நினைச்சுப் பாரு" என்று வாயை அடைக்காதீர்கள். அவர் சொல்வதை முடியும் வரை கேளுங்கள். ஆமாம் என்றால், எப்போது, எப்படி என்று யோசித்தது உண்டா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், ராத்திரியும். மாத்திரை அட்டைகள், பூச்சிமருந்து எதுவும் வீட்டிலும் யூனிட்டிலும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரி (ராஜாஜி) அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும், நேராகக் கூட்டிப் போங்கள். 14416-ஐ அழைத்துக்கொண்டே போகலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்காதீர்கள். எண்ணம் இருப்பது குற்றமே இல்லை, முயன்றவரைக் கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. இல்லை என்று சொன்னாலும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கட்டும். அந்த இன்சூரன்ஸ் பேச்சைச் சாதாரணமாக விடக்கூடாது.

சம்மதிக்க வைப்பது: "மனசு சரியில்லை" என்று தொடங்காதீர்கள், தூக்கத்தில் தொடங்குங்கள். "மூணு வாரமா நீ தூங்கல. மெடிக்கல்ல வாங்குற மாத்திரை சரிப்படாது. தூக்கத்துக்கு டாக்டரைப் பாப்போம், வியாழக்கிழமை ஆறு மணிக்குச் சொல்லியிருக்கேன், நானும் வர்றேன்." நாள், நேரம், கூட வரும் ஆள் மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும். "ஒரு நாள் போகலாம்" என்றால் போக மாட்டார். அப்படியும் மறுத்தால் முதலில் குடும்ப டாக்டரிடம் இசிஜிக்கு என்று கூட்டிப் போய், அவர் வாயால் சொல்ல வையுங்கள். டாக்டரிடம் உள்ளே போகும்போது பிஎச்க்யூ தாள், மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனை, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார் என்ற ஒரு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டால், அமெரிக்காவில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற மனநல மருத்துவரின் குழு 2015-இல் 242 தொழில்முனைவோரிடம் கேட்டதில் 49 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலச் சிக்கல் இருந்ததாகச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். சிறிய ஆய்வு, அவர்களாகச் சொன்ன பதில். மதுரைக்கு அதே கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தனி ஆள் இல்லை என்பதற்கு அது போதும்.

தூக்கத்துக்கு இன்றிலிருந்தே: காலை எழும் நேரத்தை 5.30 என்று பூட்டிவிடுங்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும். டீ, காபி மதியம் 3 மணியோடு நிறுத்தம். இரவு 7.30-க்கு 20 நிமிடம் அந்த நோட்டை எடுத்து அன்றைய கவலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யும் ஒரு வேலையையும் எழுதி மூடிவிட வேண்டும். பேங்க் ஆப் அவர் போனில் வேண்டாம், அல்லது போனே இரவு 9 மணிக்குப் பிறகு உங்களிடம் இருக்கட்டும். இரண்டரைக்கு விழிப்பு வந்து சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் திரும்பப் போக வேண்டும். முதல் வாரம் பகலில் அதிகச் சோர்வு தெரியும், அதனால் அந்த வாரம் பிரஸ் வேலையும் நீண்ட வண்டி ஓட்டமும் வேண்டாம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பலன் தெரியும்.

மனைவியிடம் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். நோட்டில் மொத்தத் தொகை எழுதி முடித்த பிறகு, பிள்ளைகள் இல்லாத ஒரு பகல் நேரம். முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி மீதியை அடுத்த மாதம் சொன்னால் மனைவிக்குப் பணத்தைவிட அந்த மறைப்புதான் வலிக்கும். டாக்டரைப் பார்த்த பிறகு செய்தால் நல்லது.


கடன்_மேசை:

மனைவி விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அவரும் ஜாமீன்தாரராகவோ சேர்ந்து கடன் வாங்கியவராகவோ கையெழுத்துப் போட்டிருப்பார். சாங்ஷன் லெட்டரைப் பாருங்கள். அப்படி இருந்தால் எந்த நோட்டீஸும் அவர் பெயருக்கும் வரும். தபால்காரர் மூலம் தெரிவதற்கு முன் வீட்டில் தெரிந்துவிடட்டும்.

13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் வீடு மறுநாளே போய்விடாது. 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், பேங்க் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கைப்பற்றும் நடவடிக்கைக்குப் போனால் 45 நாளுக்குள் மதுரையிலேயே இருக்கிற கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

பேங்க்குக்குப் போகும்போது நீங்களும் கணக்குப்பிள்ளையும் போங்கள். தம்பி வந்தால் சரி, வராவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம். உத்யம் சான்றிதழ், 13 வாரத் தாள், கடந்த ஆறு மாத 3பி, கம்பெனி பாக்கியின் பில் வாரிப் பட்டியல், கடைசி ஸ்டாக் ஸ்டேட்மென்ட், மறுசீரமைப்பு கேட்டு ஒரு பக்க விண்ணப்பம். இரண்டு பிரதி. ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.